மூன்று ஏழுகளுக்கு முடிவு கட்டுவோம்

கணினிச் செய்முறைத் தேர்வு நடக்கும் நாளில் இந்தக் குரலைக் கேட்காத ஆய்வகம் நம் மாவட்டத்தில் இருக்காது: "சார், சேவ் ஆவ மாட்டேங்கு." திரையில் 'பெர்மிஷன் டினைட்' என்று நிற்கிறது. வெளித்தேர்வாளர் வந்துவிட்டார், அடுத்த பேட்ச் வாசலில் காத்திருக்கிறது. சர்வருக்கு முன்னால் இருப்பவர் அவசரமாக ஒரு கட்டளை அடிக்கிறார்: சிஹெச்மோட் 777. உடனே எல்லாருக்கும் சேவ் ஆகிறது. தேர்வு முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த மூன்று ஏழுகளை யாரும் திரும்ப எடுப்பதில்லை. அடுத்த பருவத்துக்கும் அதற்கடுத்த பருவத்துக்கும் அவை அப்படியே இருக்கின்றன.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கல்லூரிகளில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை இது. கல்யாண வீடியோவை நான்கு பேர் பிரித்து எடிட் செய்யும் ஸ்டூடியோக்களில் நடக்கிறது. பொதுச் சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கும் அச்சகங்களிலும் கணக்காளர் அலுவலகங்களிலும் நடக்கிறது. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. வேலை நிற்கக் கூடாது என்றுதான் செய்கிறார்கள். பழக்கமாகிவிட்ட இந்தக் குறுக்குவழியை இனி விடவேண்டும் என்பதையும், ஒருவர் தலையில் மட்டும் பொறுப்பைக் கட்டி அதை விட முடியாது என்பதையும் நாம் எல்லாரும் சேர்ந்து ஏற்றுக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். ஒரு கணினியில் இருக்கும் கோப்புகளை வலைப்பின்னல் வழியாக மற்றக் கணினிகள் தங்கள் சொந்த வட்டில் இருப்பதைப்போலவே பயன்படுத்த உதவும் முறைகளில் பழையது என்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் அதைக் கொண்டுவந்தது. லினக்ஸ் ஓடும் ஆய்வகங்களில் இன்றைக்கும் அதுதான் பரவலாக இருக்கிறது. மாணவர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவருடைய ஃபோல்டர் அங்கே வந்து நிற்பது அதனால்தான்.

இந்த முறை உருவான காலத்தில் கணினிகள் குறைவு. அவற்றை நிர்வகித்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவே அதன் வழக்கமான அமைப்பு நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. ஒரு மாணவி கோப்பைத் திறக்கும்போது, அவள் உட்கார்ந்திருக்கும் கணினி அவளுடைய பெயரையோ கடவுச்சொல்லையோ சர்வருக்கு அனுப்புவதில்லை. ஓர் எண்ணை அனுப்புகிறது. யூஐடி என்ற பயனர் எண் அது. கூடவே அவள் சேர்ந்திருக்கும் குழுக்களின் எண்களும் போகும். 'என்னிடம் உட்கார்ந்திருப்பவர் 1004' என்று கிளையண்ட் கணினி சொல்கிறது, சர்வர் நம்புகிறது. தன்னிடமுள்ள கோப்பின் உரிமையாளர் எண்ணும் 1004 என்றால் திறந்துவிடுகிறது. வேறாக இருந்தால் குழுவைப் பார்க்கிறது. அதுவும் பொருந்தாவிட்டால் மற்றவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதைத்தான் தரும்.

நம் ஆய்வகங்களில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. சர்வரில் ஒரு பெயருக்கு 1004 என்று எண் கிடைத்திருக்கும். அதே பெயரில் ஏழாம் எண் மேசையிலுள்ள கணினியில் தனியாகக் கணக்குத் திறந்தவர், அங்கே வரிசையில் அடுத்து வந்த 1001-ஐக் கொடுத்திருப்பார். பெயர் ஒன்று, எண் வேறு. மாணவி தன் சொந்த ஃபோல்டருக்கு முன்னால் அந்நியராக நிற்கிறாள். இன்னும் மோசமானது இதற்கு நேர்மாறானது. ஒரே வட்டுப் பிரதியை நாற்பது கணினிகளிலும் ஏற்றினால், ஒவ்வொன்றிலும் முதலில் திறக்கும் கணக்குக்கு 1000 என்றே எண் வரும். பெயர் வேறு, எண் ஒன்று. அப்போது பிழைச்செய்தி வராது. ஒருவர் கோப்பை இன்னொருவர் தாராளமாகத் திருத்தலாம். தொல்லை வெளியே தெரியாமல் இருப்பதுதான் இதிலுள்ள ஆபத்து. பழைய ரெட் ஹேட் வகை அமைப்புகள் சாதாரணப் பயனர்களை 500-இலிருந்து எண்ணத் தொடங்கின. 2014-இல் வந்த ஏழாம் பதிப்பு முதல் 1000-இலிருந்து எண்ணுகின்றன. பழைய சர்வரையும் புதிய கணினிகளையும் சேர்த்து ஓட்டும் இடங்களில் இந்த வேறுபாடு மட்டுமே ஒரு நாள் வேலையைத் தின்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இரண்டு பக்கமும் 'ஐடி' என்ற கட்டளையை அடித்து எண்களை ஒப்பிட்டால் போதும். கோப்புப் பட்டியலைப் பார்க்கும்போது பெயர்களை விட்டு எண்களைக் காட்டும்படி 'எல்எஸ் -எல்என்' என்று கேட்க வேண்டும். பெயர் கண்ணை ஏமாற்றும். முதல் மூன்று நிமிடத்தில் செய்ய வேண்டிய இந்தச் சோதனையைச் செய்யாமல்தான் நாம் நேராக மூன்று ஏழுகளுக்குப் போய்விடுகிறோம்.

பிழைச்செய்தியை முழுதாகப் படிக்கும் பழக்கமும் நம்மிடம் இல்லை. எல்லாத் தடையையும் 'பெர்மிஷன் பிரச்சினை' என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம். இணைக்கும்போதே சர்வர் மறுத்ததாகச் செய்தி வந்தால், கோப்பு உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் பட்டியலில் அந்தக் கணினியின் ஐபி முகவரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்தடை வந்துபோன பிறகு ரவுட்டர் புதிய முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கும். நேற்று பட்டியலில் இருந்த கணினி இன்று வேறு முகவரியோடு வந்து நிற்கும். 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால், சர்வர் படிக்க மட்டும் கொடுத்திருக்கிறது, அல்லது கிளையண்ட் அப்படி இணைத்திருக்கிறது. அங்கே மூன்று ஏழு அல்ல, முப்பது ஏழு போட்டாலும் எழுத முடியாது. 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்பது பெரும்பாலும் உரிமையாளரை மாற்ற முயலும்போது வருவது. கோப்பைத் திறக்கும்போது 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால்தான் எண்களையும் உரிமைகளையும் தேடிப் போக வேண்டும்.

அப்போதும் கோப்பை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. நாஞ்சில் நாட்டில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், பேச்சிப்பாறையில் நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்பதோடு விவரம் தெரிந்தவர் நிறுத்த மாட்டார். கால்வாய்க் கரையோடு நடந்து, இடையிலுள்ள ஒவ்வொரு மடையையும் பார்த்துக்கொண்டே போவார். கோப்புக்குப் போகும் பாதையும் அத்தகையது. கோப்பில் எல்லா உரிமையும் இருக்கலாம்; அதற்கு மேலே அடுக்காக உள்ள ஃபோல்டர்களில் ஏதேனும் ஒன்றில் நுழையும் உரிமை இல்லையென்றால் வழி அங்கேயே அடைபடும். உரிமைக் கணக்கில் படிக்க 4, எழுத 2, இயக்க 1. ஃபோல்டரைப் பொறுத்தவரை அந்த 1 என்பதுதான் உள்ளே நுழையும் உரிமை. 'நேம்ஐ -எல்' என்ற கட்டளை பாதை முழுவதையும் மேலிருந்து கீழே அடுக்கிக் காட்டும். அடைப்பு எந்த இடத்தில் என்று பார்த்தவுடன் தெரியும்.

ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும் சர்வர் பொறுப்பாளருக்கும் இடையே மனக்கசப்பு உண்டாக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. கிளையண்ட் கணினியில் ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின் கடவுச்சொல் வைத்திருக்கும் ஆசிரியர், 'எனக்கே அனுமதி இல்லையாம்' என்று கோபப்படுவார். என்எஃப்எஸ் சர்வர், வெளிக்கணினியிலிருந்து ரூட் என்று சொல்லிக்கொண்டு வருபவரை இயல்பாகவே 'நோபடி' என்ற அதிகாரமற்ற பயனராக மாற்றிவிடும். ரூட் ஸ்குவாஷ் என்று இதற்குப் பெயர். அது குறை இல்லை, காவல். கிளையண்ட் சொல்லும் எண்ணை நம்பும் அமைப்பில், எந்த மேசையிலிருந்தும் ரூட்டாக வந்தால் எல்லாம் திறக்கும் என்று விட்டுவிட்டால் ஒரு கடவுச்சொல் கசிந்ததோடு மொத்த சர்வரும் போய்விடும். ஆனால் கோபப்பட்ட ஆசிரியருக்காக அந்தக் காவலை நீக்கும் வரியை எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் சேர்த்துவிடுவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. கேட்டவரும் கொடுத்தவரும் சேர்ந்தே அதற்குப் பொறுப்பு.

நான்காம் பதிப்பு என்எஃப்எஸ், 2000-ஆம் ஆண்டு முதல் தரநிலையாக இருப்பது, உரிமையாளரை எண்ணாக இல்லாமல் பெயரும் டொமைனும் சேர்ந்த வடிவில் குறிக்க வழி செய்தது. இரு பக்கமும் டொமைன் அமைப்பு ஒன்றாக இல்லாவிட்டால் கோப்புகள் எல்லாம் 'நோபடி' என்று பட்டியலில் தெரியும். இதைப் பார்த்துப் பயந்து உரிமைகளை மாற்றத் தொடங்குவார்கள். வழக்கமான பாதுகாப்பு முறையில், பட்டியலில் என்ன தெரிந்தாலும் திறப்பதா மறுப்பதா என்ற முடிவை எண்ணை வைத்துத்தான் சர்வர் எடுக்கிறது. கோப்பு திறக்கிறது, பெயர் மட்டும் தவறாகத் தெரிகிறது என்றால் திருத்த வேண்டியது டொமைன் வரியை, உரிமைகளை இல்லை. இந்த வழக்கமான முறையில் கிளையண்ட் அனுப்பும் குழு எண்கள் பதினாறுக்கு மேல் போகாது என்பதும் பலருக்குத் தெரியாது. துறைத் தலைவர், தேர்வுக் குழு, நாக் குழு என்று ஒரே பேராசிரியரைப் பதினேழு குழுக்களில் சேர்த்துவிட்டு, ஒரு ஃபோல்டர் மட்டும் ஏன் திறக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம். குழுக்களைத் தன் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி சர்வரைச் சொல்ல முடியும். புதிய குழுவில் சேர்ந்தவரை ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வரச் சொல்வதும், சர்வரில் திருத்திய பிறகு ஒரு நிமிடம் பொறுப்பதும் முக்கியம். கிளையண்ட் பழைய விவரத்தை அதிகபட்சம் 60 விநாடி நினைவில் வைத்திருக்கும்படியே இயல்பாக அமைந்திருக்கிறது. அந்த ஒரு நிமிடப் பொறுமை இல்லாமல், சரியான திருத்தத்தையே தவறு என்று நினைத்து அடுத்த தவறுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது மூன்று ஏழுகள் என்ன செய்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். உரிமையாளர், குழு, மற்ற எல்லாரும் என்ற மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, நுழைய முழு உரிமை. 'மற்ற எல்லாரும்' என்பதில் அந்த ஆய்வகத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் அடக்கம். சென்ற ஆண்டு படித்துப் போனவரின் கணக்கு மூடப்படாமல் இருந்தால் அவரும் அடக்கம். பலர் அறியாதது இன்னொன்று: ஒரு கோப்பை அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரில் இருக்கிறது. கோப்புக்கு 600 என்று கடுமையாகப் பூட்டியிருந்தாலும், ஃபோல்டர் 777 என்றால் பக்கத்து மேசைக்காரர் அதை அழித்துவிடலாம், அதே பெயரில் வேறொன்றை வைத்துவிடலாம். அக மதிப்பெண் பட்டியல் அந்த ஃபோல்டரில் இருந்தால் என்ன ஆகும்? மாணவிகளின் கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் உள்ள சேர்க்கைப் பட்டியல் இருந்தால்? ஒரு வீட்டின் கல்யாணப் படங்கள் முழுதும் இருந்தால்? 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களைக் கையில் வைத்திருப்பவர் அவற்றைத் தக்க முறையில் காக்க வேண்டும் என்று சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், நம்மை நம்பித் தகப்பன் பெயரும் ஆதார் எண்ணும் எழுதிக் கொடுத்த குடும்பங்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

சரியான வழி கடினமானதும் இல்லை. சேர்ந்து வேலை செய்யும் நால்வருக்கு ஒரு குழு. அந்தக் குழுவுக்கு ஒரு ஃபோல்டர். அதற்கு 2770 என்ற உரிமை. முன்னால் உள்ள 2, அதற்குள் பிறக்கும் கோப்புகள் எல்லாம் அந்தக் குழுவின் பெயரிலேயே பிறக்கும்படி செய்யும். கடைசிப் பூஜ்யம் வெளியாருக்குக் கதவைச் சாத்தும். பயனர்களின் யூமாஸ்க் மதிப்பை 007 என்று வைத்தால் ஒருவர் உருவாக்கியதை மற்ற மூவரும் திருத்தலாம். எல்லாரும் வைக்க வேண்டிய, ஆனால் ஒருவருடையதை இன்னொருவர் அழிக்கக் கூடாத ஒப்படைப்பு ஃபோல்டர் என்றால் 1777. பத்து நிமிட வேலை. ஆனால் யார் எந்தக் குழுவில் என்பதை முன்கூட்டியே யாராவது எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் வராததால்தான் பத்து நிமிட வேலை ஆண்டுக்கணக்கில் நடக்காமல் கிடக்கிறது.

இங்கேதான் ஒவ்வொருவருடைய பங்கும் வருகிறது. நிர்வாகங்கள் கணினி வாங்கக் காசு ஒதுக்குகின்றன, திறப்பு விழா நடத்துகின்றன. ஆனால் பயனர் எண்களை ஒரே இடத்தில் வைக்கும் எல்டாப் போன்ற மையக் கணக்கேட்டுக்கு ஓர் ஆளின் நேரத்தை ஒதுக்குவதில்லை. நாற்பது கணினிக்கு நாற்பது தனிக் கணக்கேடு இருக்கும்வரை எண்கள் பொருந்தாது. எந்தக் கெட்டிக்காரரை வைத்தாலும் பொருந்தாது. துறைத் தலைவர்கள் பருவத் தொடக்கத்தில் குழுப் பட்டியலைக் கையெழுத்திட்டுத் தரலாம். பயனர்கள், 'ஓடலை' என்ற ஒரு சொல்லுக்குப் பதில், எந்தக் கணினி, எந்தக் கோப்பு, என்ன செய்தி வந்தது, நேற்று ஓடியதா என்று நான்கு விவரம் சொல்லலாம். மாணவர்கள், பக்கத்து ஃபோல்டர் திறந்து கிடப்பதைக் கண்டால் உள்ளே எட்டிப் பார்க்காமல் பொறுப்பாளரிடம் சொல்லலாம். சொன்ன மாணவரைச் சந்தேகத்தோடு பார்க்காமல் இருப்பது ஆசிரியர்களின் பங்கு.

ஆய்வக உதவியாளர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தின் கல்லூரிகளில் சர்வரைக் காப்பவர் பெரும்பாலும் அவர்தான். குறைந்த சம்பளம், ஆசிரியர் கூட்டத்தில் இடம் இல்லை, தவறு நடந்தால் முதல் கேள்வி அவரிடம். இவரிடம் ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, 'வேண்டாம் சார், அது ஆபத்து' என்று சொல்லும் அதிகாரத்தை மட்டும் கொடுக்க மறுக்கிறோம். முதல்வர் அறையிலிருந்து போன் வந்தால் மூன்று ஏழு போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி என்ன? அவர் மறுக்கும்போது நிர்வாகம் அவர் பக்கம் நிற்கும் என்பதை எழுத்தில் தர வேண்டும். அவசரத்தில் ஓர் உரிமையைத் தளர்த்த நேர்ந்தால், யார் கேட்டார், எதற்கு, எந்த நாளில் பழையபடி ஆக்குவது என்று ஒரு நோட்டில் எழுதிக் கேட்டவரே கையெழுத்திட வேண்டும். இந்த ஒரு நோட்டு பல வேண்டுகோள்களைத் தானாகவே குறைத்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்று நாம் சொல்ல முடியாது. திருவனந்தபுரம் டெக்னோபார்க் 1990-இல் தொடங்கியதிலிருந்து நம் பிள்ளைகள் அங்கே போய்வருகிறார்கள். நாகர்கோவிலிலும் இரணியலிலும் குழித்துறையிலும் காலை ரயில் ஏறுபவர்களில் பெரிய நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரிலும் வளைகுடாவிலும் அதே வேலை செய்பவர்கள் கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருகிறார்கள். தாங்கள் படித்த கல்லூரிக்கு அவர்கள் ஒரு சனிக்கிழமையைத் தரலாம். கல்லூரிகளும் அவர்களைப் பொன்னாடை போர்த்திப் பேச வைத்து அனுப்பாமல் சர்வர் அறைக்குள் அழைத்துப் போகலாம்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், பள்ளிக்கூடக் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளில் நடத்தும் மாநிலம். 2001-இல் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் கைட் என்ற நிறுவனமான அந்த முயற்சி, ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களைக் கொண்டே கணினிகளைப் பராமரிக்கச் செய்தது. தமிழ்நாட்டிலும் தொடக்கம் இல்லாமல் இல்லை. 2007-ஐ ஒட்டி எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழ் இடைமுகத்தோடு வந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் அது இருந்தது. மென்பொருள் வந்தது. அதைப் பேணும் வழக்கமும் பயிற்சியும் அதே அளவுக்கு வரவில்லை. நம் மாவட்டத்துக் கல்லூரிகள் ஒன்றுக்கொன்று பத்து, இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. பராமரிப்பாளர்கள் மாதம் ஒருமுறை ஒரு கல்லூரியில் கூடி, அந்தந்த மாதம் வந்த தொல்லையையும் தீர்த்த விதத்தையும் தமிழிலேயே எழுதி வைத்தால், ஓராண்டில் மாவட்டத்துக்கே ஒரு கையேடு கிடைக்கும்.

அதற்கு முன்னால், வரும் விடுமுறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எல்லாருக்கும் திறந்து கிடக்கும் ஃபோல்டர்களை சர்வரில் 'ஃபைண்ட்' கட்டளை கொண்டு தேடிப் பட்டியல் எடுத்து, அந்தந்தத் துறையின் மேசையில் வைக்கலாம். எது யாருக்காகத் திறக்கப்பட்டது என்று கேட்டு, பதில் வந்தவற்றைக் குழுவுக்கு மாற்றி, யாருமே உரிமை கோராதவற்றை நகலெடுத்து வைத்துவிட்டுப் பூட்டலாம். பூட்டியதில் ஏதாவது ஒன்று நின்றுபோகும். இரண்டு பேர் சத்தம் போடுவார்கள். அன்று பொறுப்பாளரின் பக்கத்தில் துறைத் தலைவரும் முதல்வரும் நிற்க வேண்டும்.